ஒப்பனையும் ஒரு படிப்புதான்

போன ஆண்டு சித்திரை மாதம். பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த என் பேத்தி, ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது குண்டைத் தூக்கிப் போட்டாள். இன்ஜினீயரிங் வேண்டாமாம். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் ஒப்பனை செய்யப் படிக்கப் போகிறாளாம். தலைமுடி, மேக்கப், ப்ராஸ்தெடிக்ஸ் மூன்றும் சேர்ந்த படிப்பு.

என் மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். அத்திப்பட்டு ஸ்டேஷனில் லோக்கல் வண்டி ஏறி இருபது வருஷமாகப் போய் வருகிறான். அவனுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

“மூஞ்சிக்கு மாவு பூசறதுக்கா உன்னப் பன்னெண்டு வருஷம் படிக்க வெச்சேன்?”

“மாவு பூசறது இல்லப்பா. முப்பது வயசு ஆள எண்பது வயசு ஆக்கறது. இல்லாத காயத்த இருக்கற மாதிரி பண்றது. அதுக்குக் கெமிஸ்ட்ரி தெரியணும், சிற்பம் தெரியணும்.”

“நம்ம ஊர்ல தெருவுல அரை மணி நேரம் நின்னா நிலக்கரிச் சாம்பலே மேக்கப் போட்டுடும். அதுக்கு ஃபீஸ் வேற கட்டணுமா?”

மருமகள் சிரித்துவிட்டாள். பேத்தி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க தாத்தா” என்று கேட்கிற பார்வை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு மோர் சாதத்தைப் பிசைந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அறுபது வருஷத்துக்கு முன் இதே போல் ஒரு சாப்பாட்டு வேளையில் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. படித்தது பிரெஞ்சு மொழியில் என்று முன்பே பலமுறை எழுதியிருக்கிறேன். 1964 என்று நினைவு. பள்ளி ஆண்டு விழாவுக்கு மோலியேரின் ‘கற்பனை நோயாளி’ நாடகம் போட்டார்கள். எனக்குத் துவானெத் என்ற வேலைக்காரி வேஷம். அந்த வேலைக்காரி நாடகத்தின் நடுவே தொண்ணூறு வயது வைத்தியனாக மாறுவேஷம் போடுவாள். பதினாலு வயதுப் பையன் பெண்ணாகி, அந்தப் பெண் கிழவனாக வேண்டும்!

ஒப்பனைக்கு ஒரு பெரியவர் வந்தார். ஒரு காலத்தில் பாய்ஸ் கம்பெனிகளில் இருந்தவர். தகரப் பெட்டியைத் திறந்ததும் வந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. தேங்காயெண்ணெய், ஸ்பிரிட் கம், பழைய முடி. டோப்பாவை என் தலையில் வைத்துப் பார்த்து, நெற்றியோரம் ஒட்டினார். தாடிக்குக் கிரேப் முடியைப் பிரித்து, நீவி, கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். “ஒரேயடியா ஒட்டுனா அது துடைப்பம். ஒரு வரிசைக்கு மேல ஒரு வரிசை வெச்சாத்தான் தாடி” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது ஒரு பாடம் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. பிய்த்து எடுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது வேறு கதை.

அந்தப் பாடத்தை அன்றே புரிந்துகொண்டவள் என் அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவள். எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மணப்பெண்ணுக்குச் சடை தைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெரியவர் போட்ட டோப்பாவை இரவு முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலைத் துணியில் முடியை எப்படி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குக் காட்டினாள். அடுத்த ஆண்டு ஏதோ ஒரு படப்பிடிப்புக்காக ஊருக்கு வந்தவர்கள், ஒரு கல்யாண வீட்டில் அவள் கைவேலையைப் பார்த்துவிட்டு, மதராசுக்கு வந்தால் ஹேர் டிரஸ்ஸர் வேலை கற்றுக்கொடுத்து வைத்துக்கொள்கிறோம் என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள்.

அப்பா அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “கூத்தாடிக்குத் தலை வாரவா பெத்தேன்?” அக்கா என்னைப் பார்த்தாள். வீட்டில் பிரெஞ்சு படித்த பையன், அப்பா காது கொடுத்துக் கேட்கிற பையன் நான் ஒருவன்தான். நான் பேசவில்லை. அக்கா கல்யாணமாகிப் போய், நாலு பிள்ளை பெற்று, 2009-இல் காலமானாள். கடைசி வரை தெருப் பெண்களுக்குச் சடை தைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலையிலிருந்து இந்தப் படிப்பைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முப்பத்தைந்து வருஷம் எழுத்தராக இருந்தவனுக்கு எதையும் கோப்பு போட்டுப் பார்த்தால்தான் மனது ஆறும். அந்தக் கோப்பிலிருந்து கொஞ்சம் இங்கே.

முதலில் நம் பக்கத்துச் சரக்கு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்து பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். விடிய விடியப் பார்த்திருப்போம். ஆனால் ஒப்பனைக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. கூத்துக் கலைஞர் தனக்குத் தானே முகம் எழுதுவார். கையில் ஒரு சின்னக் கண்ணாடி. முதலில் எண்ணெய், பிறகு நிறம். கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனனுக்குச் சிவப்பு என்று வேஷத்துக்கு ஒரு நிறம். தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆள் தெரிய வேண்டும் அல்லவா? கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை போன்ற கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டிச் செய்தவை. அதனால்தான் வடக்கே இதற்குக் கட்டைக் கூத்து என்று பெயர்.

நாம் ஒப்பனை என்பதையே ‘அரிதாரம் பூசுவது’ என்கிறோம். அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிமம். கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்தது. அதாவது விஷம். அதைக் கல்லில் அரைத்துத்தான் பல தலைமுறைகள் ராஜாவாகவும் கடவுளாகவும் ஆடின. அந்த நாளில் தெரிந்தவர்கள் எச்சரிக்கையாகக் கையாண்டார்கள். தெரியாதவர்கள் தோலில் வாங்கிக்கொண்டார்கள். ஒப்பனைக்காரனுக்கு ரசாயனம் தெரிய வேண்டும் என்று பேத்தி சொன்னது பொய்யில்லை.

அடுத்தது எங்கள் புதுச்சேரியோடு தொடர்புள்ள செய்தி. தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில்தான் காலமானார். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. சுவாமிகள் இளமையில் எமன், சனீஸ்வரன் போன்ற வேஷங்கள் கட்டியவர். ஒருமுறை சனீஸ்வரன் வேஷத்தில் அவரைப் பார்த்த கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்குப் பயத்தில் கேடு நேர்ந்துவிட்டது, அன்றோடு அவர் வேஷம் கட்டுவதை விட்டு ஆசிரியராகவே நின்றுவிட்டார் என்று நாடக உலகில் வழிவழியாகச் சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் நடந்ததோ, ஒப்பனைக்கு அவ்வளவு சக்தி உண்டு என்று அந்தக் காலத்து மனிதர்கள் நம்பினார்கள் என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது.

சுவாமிகளிடம் 1918-இல் சேர்ந்த சின்னப் பையன்களில் ஒருவர் தி.க. சண்முகம். அப்போது அவருக்கு ஆறு வயது. அவரே பின்னாளில் ஔவையார் வேஷம் கட்டி ‘ஔவை சண்முகம்’ ஆனார். ஊன்றுகோலும் கூன் முதுகுமாக மேடைக்கு வந்த அந்தக் கிழவி, உண்மையில் வயதில் இளைய ஆண். அவர் குழுவில் சிறிது காலம் இருந்தவர் கமல்ஹாசன். 1996 தீபாவளிக்கு அவர் பெண் வேஷத்தில் நடித்து வந்த படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வைத்தது அந்தப் பெரியவருக்குச் செய்த மரியாதை.

ஆண்கள் பெண் வேஷம் போட்டதைச் சொல்லும்போது, பெண்கள் ஆண் வேஷம் போட்டதையும் சொல்ல வேண்டும். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். அங்கே ராஜாவும் மந்திரியும் பெண்கள்தான். கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்று அந்தக் காலத்தில் ஊரே பேசியது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

சினிமா வந்ததும் ஒப்பனை தனித் தொழில் ஆயிற்று. ஆனால் அதற்குப் பள்ளிக்கூடம் இல்லை. 1945-இல் சென்னையில் அரசு தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் சினிமாப் படிப்பு தொடங்கியபோதும் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும்தான் பாடங்கள். மேக்கப் கற்க வேண்டுமானால் ஒரு மேக்கப் மேனிடம் சேர்ந்து, பெட்டி தூக்கி, பிரஷ் கழுவி, டச்சப் செய்து, பல வருஷம் கழித்து முகத்தில் கை வைக்க வேண்டும். பிறகு சங்கத்தில் கார்டு வாங்க வேண்டும். இந்த வழியில் வந்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. எம்.ஜி.ஆருக்கும் என்.டி.ஆருக்கும் ஒப்பனை செய்த பீதாம்பரம் இயக்குநர் பி. வாசுவின் தந்தை. ‘நவராத்திரி’யில் சிவாஜி ஒன்பது வேஷத்தில் வந்தார். ‘திருவருட்செல்வர்’ படத்து அப்பரை நம்மில் எத்தனை பேர் நிஜக் கிழவர் என்றே நினைத்தோம்! 1967-இல் சிவாஜிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நம் நாட்டில் மேடை ஒப்பனையை ஒழுங்காகப் பாடமாக வைத்துச் சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. கேரளத்தில் 1930-இல் தொடங்கிய கலாமண்டலம். கதகளி நடிகரின் தாடையோரம் வெள்ளையாக விளிம்பு கட்டியிருக்கிறதே, அதற்குச் ‘சுட்டி’ என்று பெயர். அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்து, மடிப்பு மடிப்பாக முகத்திலேயே கட்டுவார்கள். இப்போது காகிதமும் வைக்கிறார்கள். நடிகர் மல்லாந்து படுத்துக்கொள்வார். சுட்டிக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்து மணிக்கணக்கில் வேலை செய்வார். ஆடுவதற்குத் தனிப் படிப்பு, பாடுவதற்குத் தனிப் படிப்பு போல, சுட்டி குத்துவதற்கும் தனிப் படிப்பு. இதைப் படித்ததும் என் மகனுக்குக் காட்டினேன். “அது கோயில் கலைப்பா” என்றான். சரி, விட்டேன்.

இனி அந்த ப்ராஸ்தெடிக்ஸ். பேத்தியே காகிதத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினாள். முதலில் நடிகர் முகத்தை அச்செடுக்க வேண்டும். பல் டாக்டர் பல்லுக்கு அச்செடுக்கப் பயன்படுத்தும் ஆல்ஜினேட் என்ற பசைதான் இதற்கும். அது கடற்பாசியிலிருந்து எடுப்பது. நம் மன்னார் வளைகுடாவிலும் அந்தப் பாசி உண்டு. அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் முகத்தின் நகல் கிடைக்கும். அதன் மேல் களிமண்ணில் புது மூக்கோ, தொங்கும் கன்னமோ செதுக்க வேண்டும். அதற்கு மறுபடி அச்சு. இரண்டு அச்சுக்கும் நடுவே ரப்பர் பாலை நுரைக்க அடித்து ஊற்றி அடுப்பில் வேகவைப்பார்கள், அல்லது சிலிக்கோன் ஊற்றுவார்கள். வெளியே வரும் துண்டை முகத்தில் ஒட்டி நிறம் கொடுக்க வேண்டும். கெட்டிக்காரத்தனம் எல்லாம் ஓரத்தில் இருக்கிறதாம். ஓரம் காகிதத்தைவிட மெல்லியதாக இருந்து தோலோடு கரைய வேண்டும். ஓரம் தெரிந்தால் அது முகமூடி. தெரியாவிட்டால் அது முகம். எனக்கு அந்தத் தகரப் பெட்டிப் பெரியவரின் துடைப்பமும் தாடியும் ஞாபகம் வந்தது.

‘இந்தியன்’ தாத்தாவை இப்படித்தான் உருவாக்கினார் அமெரிக்கரான மைக்கேல் வெஸ்ட்மோர். ‘மாஸ்க்’ என்ற படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். ‘அவ்வை சண்முகி’க்கும், 2008-இல் வந்த ‘தசாவதாரம்’ படத்துக்கும் அவர்தான். அவருடைய தாத்தா ஜார்ஜ் வெஸ்ட்மோர் 1917-இலேயே ஹாலிவுட்டில் ஒரு ஸ்டூடியோவில் ஒப்பனைத் துறையைத் தொடங்கியவர். அங்கே அது குலத்தொழில், இங்கே அது குலத்துக்கு இழுக்கு!

பிரெஞ்சுக்காரர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் பழைய வாத்தியார்கள் மன்னிக்க மாட்டார்கள். ழான் கொக்தோ 1946-இல் எடுத்த ‘அழகியும் மிருகமும்’ படத்தில் மிருகமாக நடித்த ழான் மாரேவுக்கு ஒப்பனை போட தினமும் ஐந்து மணி நேரம் ஆனதாம். முகத்துக்கு மூன்று மணி, கைக்கு ஒவ்வொரு மணி. முடியை அடுக்கடுக்காக ஒட்டிய அந்த முகத்தில் கண் மட்டும்தான் நடிகருடையது. அந்தக் கண் போதும், படம் முழுக்க அழ வைத்துவிடுவார்.

ஆனால் என் மனதை மாற்றியது சினிமா இல்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1938-இல் திறந்த போர் நினைவுச் சின்னம் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போரில் உயிர்விட்டவர்களுக்காக. சாகாமல் முகத்தை மட்டும் இழந்து திரும்பியவர்கள் பிரான்சில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தாடை இல்லை, மூக்கு இல்லை. ‘உடைந்த முகங்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர். வெளியே வர மாட்டார்கள். பெற்ற பிள்ளையே பார்த்துப் பயந்து ஓடும். அன்னா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி பாரிஸ் வந்து ஒரு கூடம் வைத்தார். சிப்பாயின் முகத்தை அச்செடுத்து, பழைய புகைப்படத்தைப் பார்த்து இழந்த பாகத்தைச் செதுக்கி, மெல்லிய செப்புத் தகட்டில் முகமூடி செய்து, அவர் அணிந்திருக்கும்போதே தோல் நிறத்துக்கு வர்ணம் பூசினார். மீசைக்கு நிஜ முடி. பிரெஞ்சு அரசு 1932-இல் அவருக்கு லெஜியோன் தொன்னேர் விருது கொடுத்தது. இன்றைக்கும் புற்றுநோயில் காதோ கண்ணோ இழந்தவர்களுக்குச் சிலிக்கோனில் செய்து பொருத்துகிறார்கள். வேலை முறை கிட்டத்தட்ட அதேதான்.

லாட் ஒரு பெண். சரி, இனி நம் நாட்டுக்கு வருவோம். கோப்பில் கடைசித் தாள் இது.

சாரு குரானா என்ற பெண் கலிபோர்னியாவில் சினிமா ஒப்பனை படித்துவிட்டு வந்தார். மும்பையில் உள்ள ஒப்பனை, சிகை அலங்காரக் கலைஞர் சங்கம் 2009-இல் அவருக்குக் கார்டு கொடுக்க மறுத்தது. காரணம், சங்கத்தின் பைலா. மேக்கப் மேன் என்றால் ஆண், பெண்களுக்கு ஹேர் டிரஸ்ஸர் கார்டு மட்டும்தான். முகம் ஆணுக்கு, முடி பெண்ணுக்கு! பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு, ஏறத்தாழ அறுபது வருஷமாக நடந்துவந்தது. அவர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2014 நவம்பர் 10 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு. லலித் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த விதி செல்லாது, மனுதாரர்களை ஒப்பனைக் கலைஞர்களாகவே நாலு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று. 1926-ஆம் வருஷத் தொழிற்சங்கச் சட்டத்தில் பதினைந்து வயது நிரம்பிய எவரும் உறுப்பினராகலாம் என்றுதான் அப்போது இருந்தது, ஆண் என்று இல்லை என்பதும் ஒரு காரணம். எழுத்தராக இருந்தவனுக்கு அதைப் படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் யாரும் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை!

என் அக்கா மதராசுக்குப் போயிருந்தால்கூட முடிக்கு மேலே கை போயிருக்காது. அது தெரிந்தபோது மனது ஆறுதல் அடையவில்லை. இன்னும் கொஞ்சம் வலித்தது.

அடுத்த ஞாயிறு மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அக்கா கதையை முதல் முறையாக அவனிடம் சொன்னேன். அத்தைக்குச் சடை தைக்கத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும், மீதி தெரியாது. ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “வேலை கிடைக்கலன்னா என்னப்பா பண்றது?” என்றான். நியாயமான கேள்வி. இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. படம் உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஃபீஸ் அதிகம், பொருட்கள் விலை அதிகம். விடியற்காலை நாலு மணிக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து, எல்லாரும் போன பிறகு போக வேண்டிய வேலை. இதையெல்லாம் பேத்தியிடம் ஒளிக்காமல் சொன்னோம். கடைசியில் ஓர் ஒப்பந்தம். பட்டப் படிப்புக்கு ஏதாவது ஒரு கல்லூரியில் சேர வேண்டும். சனி, ஞாயிறு சென்னையில் ஒப்பனை வகுப்பு. அந்த ஃபீஸ் என் பென்ஷனிலிருந்து. அவள் வேதியியல் எடுத்தாள்.

போன மாதம் அவளுக்கு முக அச்சு எடுத்துப் பழக ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் சும்மா இருப்பவன் நான்தானே. கொல்லைப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்து, புருவத்துக்கு வாசலீன் தடவி, தலைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டினாள். “மூக்கால மட்டும் மூச்சு விடுங்க தாத்தா. பயமா இருந்தா கைய தூக்குங்க” என்றாள். ஆல்ஜினேட் குளிர்ந்த தயிர் போல இறங்கியது. கண் மூடியிருந்தது, காதும் பாதி அடைத்துக்கொண்டது. எண்ணூர் பக்கம் போகும் கூட்ஸ் வண்டிச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. என் மகன் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பயந்தது அவன்தான்.

மாலையில் பிளாஸ்டர் உலர்ந்து, அச்சைப் பிரித்து நகலைக் காட்டினாள். வெள்ளையாக, கண் மூடிய ஒரு கிழவர். ஒரு நொடி எனக்கு மூச்சே நின்றது. அது என் அப்பாவின் முகம். அதே நெற்றி, அதே இறுக்கிய வாய். இத்தனை வருஷம் கண்ணாடியில் பார்த்தும் தெரியாதது, முடியும் நிறமும் போனதும் தெரிந்துவிட்டது.

அந்த முகம் இப்போது அவள் மேஜையில் இருக்கிறது. அதன் மேல் களிமண் வைத்து ஏதேதோ செய்துகொண்டிருக்கிறாள். நேற்று பார்த்தபோது என் அப்பாவுக்கு மூக்கை நீட்டியிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை வாய் மூடியிருந்ததில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.